இரண்டாம் அங்கம், ஏழாவது திருத்தம்

டக்கோமாவில் மழை.
தேவாலயத்தின் நிலவறையில்
பதினொரு மடக்கு நாற்காலிகள்,
எட்டில் ஆள், மூன்றில் ஈரக் கோட்டுகள்.
பியானோவில் ஒரு கட்டை அழுத்தினால் எழாது;
அதைச் சுற்றிப் பாடப் பழகிவிட்டோம்.

டெஸ்ரீன் இன்னும் பேருந்து ஓட்டுநர் சீருடையில்.
நாற்பத்தொன்றாம் தடத்தின் சிவப்பு விளக்குகளில்
நின்று நின்று எழுதிய பாட்டு:
ஒரு தாய் வாடகைப் பாக்கியை எண்ணிப் பாடுகிறாள்.

போன வாரம் ஒருவர் சொன்னார், நல்ல மனதோடுதான்,
"கோபத்தைக் கொஞ்சம் குறைக்கலாமே."
எங்கள் நிறத்தாருக்கென்றே
எடுத்து வைத்திருக்கும் யோசனை.
குறைத்துப் பார்த்தாள்.
உப்புச் சப்பில்லாமல் போயிற்று.

இன்று அந்த இடத்தில் சொல்லே இல்லை.
நான்கு தாளக்கட்டு மௌனம்.
லிகாயா பியானோவிலிருந்து கையெடுத்து
உதட்டால் எண்ணுகிறாள்.
ஹீட்டர் கடகடக்கிறது.
மாடியில் யாரோ மேசை இழுக்கிறார்கள்.
மூன்றாவது கட்டில்,
இரவுப் பணிக்குக் கிளம்பவேண்டிய ஒரு நர்ஸ்
பின்வரிசையிலிருந்து
"எவ்வளவு பாக்கி?" என்று
கேட்டே விடுகிறாள்,
கேட்டுவிட்டு வாயைப் பொத்துகிறாள்.

யாரும் சிரிக்கவில்லை.
டெஸ்ரீன் காதில் செருகிய பென்சிலை எடுக்கிறாள்.
"இன்னொரு தடவை கேளுங்கள்.
அதே இடத்தில்."