கையாலைப் பொந்து

பூச்சை பெற்றது
எங்கள் புரையிடத்தில் அல்ல
றீத்தாபாய் புரையிடத்திலும் அல்ல.
நடுவில் கையாலை,
ஆனி மழைக்குக் கல் பெயர்ந்து விழுந்த பொந்து.
எட்டிப் பார்த்தேன்: வால் என் பக்கம்.
தலை அவள் பக்கம் என்று
அங்கிருந்து அவள் கூப்பிட்டுச் சொன்னாள்.

அந்தக் கையாலையில் ஒரு சாண் யாருக்கென்று
சர்வேயர் வந்து சங்கிலி பிடித்தும் தீரவில்லை.

எனக்கு அது சுந்தரி.
அவளுக்கு லில்லி.
இரண்டு பெயருக்கும் அது திரும்பியதில்லை;
திங்கள்சந்தையிலிருந்து மீன் வண்டி
ஹாரன் அடித்தால் திரும்பும்.

தக்கலை கால்நடை ஆஸ்பத்திரிச் சீட்டை
பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தாள்.
உரிமையாளர்: றீத்தாபாய், திக்கணங்கோடு.
மூன்று வருடம் சாளைத் தலை போட்டதற்கு
எனக்கு யார் சீட்டு எழுதித் தந்தார்கள்?
மணிக்கட்டை நீட்டினேன், நான்கு கீறல்.
"அது அன்னாசி முள்ளு கீறினதாக்கும்" என்றாள்.

வார்டு மெம்பர் வில்சன்தாஸ் வந்தார்.
இரண்டு வீட்டிலும் கட்டன் சாயா குடித்தார்.
குட்டி நாலு, ஆளுக்கு ரெண்டு என்றார்.
"தாய்?"
ஒரே நேரத்தில் இரண்டு பேரும் கேட்டோம்.
அவருக்கு அவசரமாக
ஒரு கல்யாண வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது.

அந்த வருடம் எங்கள் சக்கை
அவள் பக்கம் விழுந்து, விழுந்த இடத்திலேயே அழுகியது.
நாங்கள் கேட்கவில்லை. அவர்கள் தரவில்லை.
அதிகாலை ரப்பர் பால் வெட்டப் போகிற என் வீட்டுக்காரருக்கு
அவள் வீட்டுக்காரர் பைக்கில் இடமில்லாமல் போனது.

குட்டிகளில் ஒன்று முழுக் கறுப்பு,
மூக்கில் மட்டும் சுண்ணாம்பு தொட்ட மாதிரி.
எனக்கு அது போதும் என்றேன்.
அதைத் தவிர வேறெது போனாலும் சரி என்றாள்.

பதினேழாம் நாள் விடியலில்
அதுதான் பொந்துக்கு வெளியே கிடந்தது.
எறும்பு வந்துவிட்டிருந்தது.

எனக்க என்று நான் சொல்லவில்லை.
எனக்க என்று அவளும் சொல்லவில்லை.

மம்பட்டி எடுத்து
ரசகதலி வாழை மூட்டில் வெட்டத் தொடங்கினேன்.
கையாலைக்கு மேலே அவள் முகம்.
"ஒரு சாண் இங்கோட்டு வெட்டு.
அது எனக்க மண்ணாக்கும்."

வம்புக்குச் சொன்னாளா
வேறெதற்காவது சொன்னாளா
இன்றைக்கும் எனக்குத் தெரியாது.
ஒரு சாண் தள்ளி வெட்டினேன்.
அவள் சுற்றி வந்து
குழியைக் கையாலேயே மூடினாள்.
ஒன்றும் பேசாமல் போனாள்.

மறுநாள் மீன் வண்டி ஹாரன் அடித்தது.
நான் கால் கிலோ சாளை வாங்கினேன்.
அவளும் வாங்கியிருக்க வேண்டும்,
சட்டியில் உப்புப் போட்டு உரசும் சத்தம் கேட்டது.
பூச்சை கையாலை மேல் உட்கார்ந்து
பின்னங்காலை நக்கிக்கொண்டிருந்தது.
கீழே மூன்று குட்டி.
ஆளுக்கு ஒன்றரை என்று
இனி எந்த மெம்பரும் வந்து சொல்ல முடியாது.

முதல் தலையை யார் எறிவது என்று
இரண்டு அடுக்களைக் கதவும்
பாதி திறந்து நின்றன.