நாலாவது சிலிண்டர்

லமோய் மேட்டில் ஏறும்போது விளக்கு மினுக்கியது.
நிலையாய் எரிந்தால் அது கடிதம்,
மினுக்கினால் தந்தி.
ஓரம் கட்டினேன்.

அப்பாவின் பெட்டியை எட்டுப் பேர் சுமந்துபோகையில்
என் தம்பி பெனாட்
பாதி வழியில் தோளை உருவிக்கொண்டான்.
மற்ற ஏழு பேரும் ஒரு கணம் தடுமாறினோம்.
அப்படித்தான் திக்கியது வண்டி.

மார்ச் மாதம். நெவாடாவில் பனி இன்னும் போகவில்லை,
கொட்டகையில் நூற்றுப்பத்து ஆடுகள் சினையாய்.
இந்த நேரத்தில் எனக்கு வண்டி வேண்டும்.
இரண்டாயிரத்து ஒன்றாம் வருடத்து ஃபோர்டு,
மீட்டரில் இரண்டு லட்சத்து பதினோராயிரம் மைல்,
அப்பாவின் பெல்ட் உரசி உரசி நூல் பிரிந்த இருக்கை.

ஸ்கேனரைச் செருகினேன்.
பி-0304: நாலாவதில் மிஸ் அடிக்கிறது.
பி-0171: ஒன்றாம் பக்கம் காற்று கூடுதல்.

நாலாவது எங்கே இருக்கிறது தெரியுமா?
கடைக்கோடியில், கண்ணாடிக்கு அடியில்,
கை போனால் முழங்கை போகாத இடத்தில்.
அதனால் காற்றைத் துரத்தினேன்.
மனிதபுத்தி.

வேக்கம் குழாய் ஒவ்வொன்றிலும் ஸ்ப்ரே அடித்தேன்.
என்ஜின் குரல் மாறவே இல்லை.
எல்கோ கடையில் டெல்வின்
ஆக்சிஜன் சென்சார்தான் என்று அடித்துச் சொன்னான்,
எழுபத்தெட்டு டாலருக்கு உறுதியாய்.
மாட்டினேன்.
அதே 0171, அதே 0304,
போன தடவைக்கு இந்தத் தடவை கொஞ்சம் சீக்கிரம்.

ராத்திரி ஆடு ஒன்றுக்குக் கை உள்ளே விட்டுக்
குட்டியின் கால் தேடும்போது உறைத்தது:
நாலாவதில் பொறியே இல்லை என்றால்
அங்கே போன காற்று எரியாமல் வெளியே வரும்.
சென்சாருக்கு மூக்கு ஆக்சிஜனுக்கு மட்டும்.
பெட்ரோல் அதன் பக்கத்தில் ஆறாய் ஓடினாலும்
அதற்குத் தெரியாது.
பொய் சொல்லவில்லை அது.
பாதி பார்த்தவன் முழுச் சாட்சி சொன்னான், அவ்வளவே.

விடிந்ததும், ஏழாம் நம்பர் சாக்கெட்,
ஒரு கண்ணாடித் துண்டு, பல்லில் டார்ச்.
போல்ட் கழன்றது.
காயிலை இழுத்தேன்.
பொளக்.

தண்ணீர்.
பிளக் குழி நிறையத் தண்ணீர்.
ரப்பர் உறையில் வெள்ளைக் கோடாய் மின்சாரம் தப்பியோடிய தடம்.
கூலண்டோ என்று விரலில் தொட்டு மோந்தேன்.
தித்திப்பு வாடை இல்லை.
எலுமிச்சை சோப்பு.

இரண்டு மாதம் கடன் வாங்கிப்போன வண்டியை
வியாழக்கிழமை பெனாட் கொண்டுவந்து விட்டான்.
சாவியை அஞ்சல் பெட்டியில் போட்டுவிட்டு
கதவைத் தட்டாமல் போய்விட்டான்.
பானெட்டைத் திறந்தபோது
என்ஜின் கல்யாணப் பாத்திரம்போல் மின்னியது.
எதை மறைக்க இப்படித் தேய்த்தான் என்று
அன்றைக்கு நினைத்தேன்.

எதையும் மறைக்கவில்லை.
வாட்டர் கன்னைப் பிடித்துக்கொண்டு
இருபது வருடத்து எண்ணெயைக் கழுவியிருக்கிறான்,
யாரும் பார்க்காத கடைக்கோடிவரை.
அவனுக்கு வாய் திறந்து சொல்லத் தெரியாது, சின்ன வயதிலிருந்தே.

வான்கோழிக்கு நெய் ஊற்றும் குழலால் உறிஞ்சி எடுத்தேன்.
காற்றடித்து உலர்த்தினேன்.
புது பிளக், புது உறை, உள்ளே ஒரு துளி கிரீஸ்.
சாவி.
எட்டும் ஒரே மூச்சில் பிடித்தன.

கோடுகளை அழித்தேன்.
ஸ்கேனர் இப்போது 'தயாரில்லை' என்கிறது.
சரியாகிவிட்டது என்று அதுவாகச் சொல்ல
கொஞ்ச தூரம் ஓட்டிக் காட்டவேண்டுமாம்,
நிறுத்தி, ஆறவிட்டு, மறுபடி ஓட்டி.

வின்னமக்கா நூற்றிருபத்தைந்து மைல்.
அவன் வீட்டில் நாய் கடிக்கும்.
ஆடுகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிப்
பக்கத்துப் பண்ணைக்கு ஃபோன் போட்டேன்.
தெர்மாஸில் காப்பி ஊற்றினேன்.
எழுபத்தெட்டு டாலர் ரசீதைச்
சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்,
பேச்சை எங்கேயாவது ஆரம்பிக்கவேண்டுமே.