ஏழாவது கேள்வி

ஐம்பது பிரதி. பக்கத்துக்கு ஒரு ரூபாய்.
முன்னும் பின்னும் அடித்தால்
ஒன்றரைக்குத் தருகிறேன் என்றார்
பசுமலை ஜெராக்ஸ் கடைக்காரர்.
மை மங்கலாய் விழுந்த ஒன்றை
சும்மா சேர்த்துக் கொடுத்தார்.

பி.பி.ஏ. கடைசி வருஷம். மனிதவளம் சிறப்புப் பாடம்.
தலைப்பு மேடம் கொடுத்தது:
'தொழிலாளர்களின் பணித்திருப்தி – ஓர் ஆய்வு.'
போன வருஷ அக்காவுக்கும் இதே தலைப்புதான்,
கம்பெனி மட்டும் வேறு.

கேள்விகளை நான்தான் தமிழாக்கினேன்.
'முற்றிலும் உடன்படுகிறேன்' தொடங்கி
'முற்றிலும் மறுக்கிறேன்' வரை
ஐந்து கட்டங்கள்.
நடுக்கட்டத்துக்கு 'நடுநிலை' என்று போட்டேன்.
"நியூஸ் வாசிக்கிற மாதிரி இருக்குடி" என்றாள் ரிஸ்வானா.
மாற்ற நேரமில்லை.

திருமங்கலம் பஸ் ஏறி
கப்பலூரில் இறங்கினால்
வெயிலில் பத்து நிமிஷ நடை.
சாக்கு நெய்கிற கம்பெனி.
வட்டத் தறிகளின் இரைச்சலில்
வாய் அசைவது மட்டும்தான் தெரியும்.
ஹெச்.ஆர். என்று பலகை மாட்டிய அறையில்
ஹெல்மெட்டுகளை அடுக்கி வைத்திருந்தார்கள்.

சூப்பர்வைசர் ஜெயசீலன் நல்லவர்.
"மிஷின நிறுத்த முடியாதும்மா,
டீ டயத்துல எழுதச் சொல்றேன்."
டீ டயம் பன்னிரண்டு நிமிஷம்.
கேள்விகள் இருபத்திரண்டு.

வேப்பமரத்தடியில்
மடியில் தாள், தரையில் டம்ளர்.
கண்ணாடி கொண்டுவராதவர்களுக்குப்
பக்கத்தில் இருந்தவர் வாசித்தார்.
"பாப்பா, இதுல பேரு போடணுமா?"
வேண்டாங்க்கா.
"பேரு இல்லாட்டி யாரு சொன்னதுன்னு எப்பிடித் தெரியும்?"
தெரியக்கூடாதுங்க்கா, அதுக்குத்தான்.
அவர் ஜெயசீலனைப் பார்த்தார்.
ஜெயசீலன் மரத்தைப் பார்த்தார்.
பேனா நடுக்கட்டத்துக்குப் போனது.

ஏழாவது கேள்வி:
'எனக்குப் போதிய இடைவேளை கிடைக்கிறது.'
நானே டைப் அடித்தது.
அவர்கள் அந்த வரிக்கு வந்தபோது
நான் பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தேன்.

மணி அடித்தது.

நாற்பத்தொன்பது தாள்களில்
டிக் எல்லாம் நடுவில்,
மேலிருந்து கீழே
தையல் ஓட்டின மாதிரி.
ஐம்பதாவதில் டிக்கே இல்லை.
ஏழாவது கேள்விக்கு எதிரே
ஐந்து கட்டங்களுக்கும் குறுக்காகப் பென்சில் எழுத்து:
'டீ ஆறிப்போச்சு பாப்பா.'
கீழே, பஞ்சவர்ணம் என்று பேரும்.

எக்ஸெலில் அதற்கு எண் இல்லை.
மேடத்திடம் காட்டினேன்.
சிரித்தார்.
பிறகு கொஞ்ச நேரம் சிரிக்காமல் இருந்தார்.
"செல்லாத தாள். ஆனா ஐம்பதுன்னு கையெழுத்து வாங்கியாச்சே.
இன்னொருத்தர்கிட்ட எழுதி வாங்கிக்கோ."

வைவா மறுநாள் காலை.
கப்பலூர் போய்வர அரைநாள் ஆகும்.
நூலக மாடியில் ஜன்னலோரம் உட்கார்ந்து
மை மங்கிய அந்தத் தாளை எடுத்தேன்.
வயது: முப்பத்தெட்டு.
அனுபவம்: ஆறு வருஷம்.
இருபத்திரண்டு டிக்.
எங்கேயும் கை தயங்கவில்லை.
பன்னிரண்டு நிமிஷமா,
இரண்டுகூட ஆகவில்லை எனக்கு.

சராசரி: மூன்று புள்ளி பூஜ்ஜியம்.
முடிவு: பணித்திருப்தி மிதமாக உள்ளது.
ஆய்வின் வரம்புகள் என்ற இடத்தில்
எல்லோரும் எழுதுவதை நானும் எழுதினேன்:
நேரமின்மை.

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர்
அந்தப் பக்கத்தைப் புரட்டும்போது
டீ வந்தது.
நல்ல சூடு போல.
ஊதி ஊதிக் குடித்தார்.