ஒன்றரை அடிக்கு ஒரு கிளிப்

மூன்று வருஷம் அது தொங்கியது
சேலைக் கிழிசலிலும் கட்டுக்கம்பியிலும்.
கறுத்த ஹோஸ், நடுவில் தொய்ந்து,
தலை நிமிர்ந்து வந்தவர் எல்லோரையும் இடித்து.
கிராம சேவகரின் மூக்குக்கண்ணாடி
ஒரு தரம் அதனால்தான் அடுப்புச் சாம்பலில் விழுந்தது.

தொய்ந்த இடத்தில் மண் தங்கும்.
மேடான இடத்தில் காற்று குந்திக்கொள்ளும்.
விடியற்காலையில் பைப்பைத் திறந்தால்
தண்ணீர் வராது, இருமல் வரும்.

அவர் கொழும்பில், ஹோட்டல் குசினியில்.
"ஆளைப் பிடி" என்றார் போனில்.
ஆள் கேட்டது ஐயாயிரம்.
பொகவந்தலாவை பஜாரில் ஜவ்பர் நானா கடையில்
அரை இஞ்சி பைப் மூன்று, எல்போ நாலு,
கிளிப் இருபத்தாறு, கம் டப்பா ஒன்று;
எல்லாம் சேர்த்தும் அவ்வளவு இல்லை.
"அடிக்கிறது யாரு?"
"நான்தான்."
நானா ஒன்றும் சொல்லவில்லை.
இன்னும் பத்து கிளிப் எண்ணிப் பையில் போட்டார்.
"ஒடையும்."

ஞாயிற்றுக்கிழமை.
மேசைமேல் முக்காலி, முக்காலிமேல் நான்.
ஏறிப் பார்த்தால்தான் தெரிகிறது,
இந்த லயத்தில் நேர் என்று ஒன்று எங்கேயும் இல்லை.
கூரை மரம் ஆற்றுப் பக்கம் சாய்ந்திருக்கிறது.
சுவர் தன் பாட்டுக்கு வயிறு வைத்திருக்கிறது.
கண்ணை நம்பி மரத்தோடு ஓட்டினால்
பார்க்க அழகு, தண்ணீர் ஏறாது.

கண்ணாடி டியூபில் தண்ணீர் ஊற்றிப் பிடித்தால்
இரண்டு நுனியிலும் ஒரே மட்டம் நிற்கும்.
தண்ணீருக்கு முகத்தாட்சண்யம் கிடையாது.
ஆனால் நுனி இரண்டு, ஆள் ஒருத்தி.
பைப் வரவேண்டியதோ பீலிப் பக்கமிருந்து,
ரோசலின் காம்பராவின் மேலாக,
கூரைக்கு எட்டாத நடுச்சுவரைத் தாண்டி.

ரோசலினோடு பேச்சு நின்று ஒன்பது மாதம்.
அவள் ஆடு, என் லீக்ஸ் பாத்தி.
மேற்கொண்டு சொல்வதற்கில்லை,
இரண்டு பேரும் அன்றைக்கே நிறையச் சொல்லிவிட்டோம்.

டியூபின் ஒரு நுனியைப் பெருவிரலால் அடைத்து
மற்றதைக் கிழிசலால் அடைத்துச்
சுவருக்கு மேலால் போட்டேன்.
கூப்பிடவில்லை.
கொஞ்ச நேரம் அது வெறுமனே கிடந்து ஆடியது.
பிறகு இறுகியது.

"ஏத்து" என்றேன் கூரையைப் பார்த்து.
ஏறியது.
"எறக்கு."
"எவ்வளவு?"
"நகக்கண் அளவு."
"இது போதுமா?"
"இன்னும்."
"இப்ப?"
"அசையாதே. கரியால கோடு போடு."

உடுப்புக்குப் போடும் நீலத்தில் நூலை முக்கி,
என் பக்கம் இரண்டு விரல் தாழ்த்தி இழுத்து,
சுண்டி விட்டேன்.
இரண்டு காம்பராவுக்கும் சேர்த்து ஒரே நீலக் கோடு.

ஒன்றரை அடிக்கு ஒரு கிளிப்.
அவள் பக்கத்து எட்டையும் அவளே அடித்தாள்.
ஒன்றுகூட ஒடையவில்லை,
ஆணித் தலையெல்லாம் ஒரே பக்கம் பார்க்கின்றன.
எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான்.
என் பக்கத்தில் ஒடைந்தது பதினொன்று.
நானா கணக்கில் ஒன்று தவறிவிட்டார்.
அலுமாரிக்கு மேலே, கடைசி மூலையில்,
இப்போதும் சேலைக் கிழிசல்தான் பிடித்திருக்கிறது.

பைப் நேராக நின்றதும்
வீடு சரிந்துபோனது.
பார்க்க வந்தவர்கள் எல்லோரும்
தலையைச் சாய்த்து ஒரே சொல் சொன்னார்கள்.
அவரும் வீடியோ கோலில் சொன்னார்:
"என்னடி, கோணலா இருக்கு?"
போனைக் கொஞ்சம் சரித்துப் பிடித்தேன்.
"ஆ, இப்ப சரி" என்றார்.

விடிய முன்னம் எழும்பித் திறக்கிறேன்.
இருமல் இல்லை.
தண்ணீர் ரோசலினின் கட்டிலுக்கு மேலாக ஓடி
என் வாளிக்கு வருகிறது.
இருட்டுக்குள் சுவருக்கு அந்தப் பக்கம்
பாய் புரளும் சத்தம்.
"நாலரையா?"
"நாலரை."

லீக்ஸைப் பற்றி
இன்னும் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை.