எஸ் இல்லாத வாக்கியம்

கிரிம்ஸ்பி நூலகத்தின் மாடி,
செவ்வாய்க்கிழமை மாலை ஆறரை.
ஒரு பக்கம் மட்டும் சுடும் ஹீட்டருக்கு அருகே
பெவர்லி வெள்ளைப் பலகையில் எழுதுகிறார்:
வாக், வாக்ட். வாஷ், வாஷ்ட்.
நேற்று என்றால் வாலில் ஓர் ஈடி.
'சிம்பிள்' என்றுதான் இதற்குப் பெயரே
என்று சிரிக்கிறார்.
ரிமாந்தாஸ் சிரிக்கவில்லை.
கோ எப்படி வென்ட் ஆனது என்று
போன வாரத்திலிருந்து அவருக்குக் கோபம்.

பிறகு மூலையில் ஒரு குட்டிப் பட்டியல்.
புட். கட். ஷட். ஹிட். ஹர்ட்.
இவை மட்டும் மாறாது,
இன்றைக்கும் அதே, நேற்றைக்கும் அதே.
ங்வியெத் பேனாவைக் கீழே வைத்தாள்.

எந்தத் தமிழ்ச் சொல்லும் தொடங்கத் தயங்கும் எழுத்தில்
தொடங்குகிறது அவள் பெயர்.
தொழிற்சாலை அட்டையில் அதை
வின்னி ஆக்கிவிட்டார்கள்.
அவள் மொழியில் வினைச்சொல் யாருக்கும் வளையாது.
நேற்று என்று பக்கத்தில் ஒரு சொல்லை வைத்தால் போதும்,
வெட்டு வெட்டாகவே இருக்கும்.
கூட்டமான ரயிலில் ஊர்க்காரர் ஐவரைக் கண்டவள் போல
அந்த ஐந்தையும்
உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள்.

வியாழக்கிழமை, ஹாடாக் மீன் வரிசை.
மூடிய மூடி தானாகத் திறந்துகொண்டது.
தோலுரிக்கும் இயந்திரம்
இடதுகை மோதிர விரலின் நுனியை
நகத்தோடு எடுத்துக்கொண்டது.

என்ன நடந்தது என்று கேட்டது படிவம்.
கீழே மூன்றே கோடுகள்.
அவள் நம்பியது அந்த ஐவரைத்தான்.

ஐ ஷட் த கார்ட்.
ஐ கட் த ஃபிஷ்.
த பிளேட் ஹர்ட் மை ஃபிங்கர்.

மனிதவளத் துறையின் கார்ல் பிக்கர்ஸ்டாஃப்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
மூடியை மூடுவது உன் வழக்கம், சரி.
அன்றைக்கு மூடினாய் என்று
இதில் எங்கே இருக்கிறது?

தமிழில் இந்த வழக்கே எழாது.
மூடினேன், மூடுவேன்:
சொல்லின் நடுவிலேயே நாள் தெரிந்துவிடும்.
பொய் சொல்கிறவனும் காலத்தைக் காட்டாமல் தப்ப முடியாது.
ஷட் என்ற கதவுக்கோ
இரண்டு பக்கமும் ஒரே பெயின்ட்.

அடுத்த செவ்வாய், படிவத்தின் நகல்
மேசை மேசையாகச் சுற்றியது.
ரிமாந்தாஸ் மூன்று தரம் படித்தார்,
நான்காவது தரம் விரல் வைத்து.
பிளேட் என்பது 'இட்'.
வழக்கம் என்றால் ஹர்ட்ஸ் என்று வர வேண்டும்.
எங்கே எஸ்?
இல்லை.
இல்லையென்றால் இது நடந்து முடிந்தது.
முதல் இரண்டும் அதே நாள்தானே?

பெவர்லிக்கு உடனே பேச்சு வரவில்லை.
பதினெட்டு வருடமாக எஸ் போடச் சொல்லித்தான்
தொண்டை வறண்டிருக்கிறது.
போடாத எஸ் சாட்சி சொல்லும் என்று
ஒரு நாளும் தோன்றியதில்லை.
அன்றிரவே கடிதம் எழுதினார்கள், ஒரு பக்கம்,
தெக்லே கடையில் தட்டச்சு செய்து.

கார்ல் முழுவதும் படித்தார்.
கனிவாகத்தான் சொன்னார்:
உங்கள் ஆட்கள் எல்லோரும்
அந்த எஸ்ஸை எப்போதும் விட்டுவிடுவீர்கள், இல்லையா?
வி வில் லுக் இன்டு இட்.

எதிர்காலம்.
அதில் மட்டும் அவருக்குப் பிழையே வராது.

அந்த வாரம் வீட்டுப்பாடம்:
தெரிந்த ஒருவரைப் பற்றி
நிகழ்காலத்தில் ஐந்து வாக்கியம்.
கட்டுப்போட்ட விரலால் தாளை அழுத்திப் பிடித்து
ங்வியெத் எழுதினாள்.

ஹீ சிட்ஸ்.
ஹீ ரீட்ஸ்.
ஹீ ஸ்மைல்ஸ்.
ஹீ ஃபர்கெட்ஸ்.
ஹீ ஷட்ஸ் த ஃபைல்.

ஐந்து எஸ். ஒவ்வொன்றின் அடியிலும்
சிவப்பில் இரண்டு கோடு.
பெவர்லி பத்துக்குப் பத்து போட்டார்.

ங்வியெத் அதை நகலெடுத்தாள்.
பழைய படிவத்தின் மேலே
தன் மொழியின் வழக்கப்படி
வியாழன், மூன்று பத்து, என்று எழுதி,
இரண்டையும் ஒரே பின்னில் குத்தி
மறுநாள் காலை ஷிஃப்டுக்கு முன்
கார்லின் மேசையில் வைத்தாள்.

வைத்தாள் என்பதற்கு
ஆங்கிலத்தில் புட்.