தட்டு எண் நான்கு: துரை வாழி

நாவலப்பிட்டியில் பழைய சாமான் விற்கும் விமலதாச
இரண்டாயிரம் சொன்னார்.
ஓரத்தில் யாரோ கடித்ததுபோல் உடைந்திருந்ததால்
ஆயிரத்து இருநூறுக்குத் தந்தார்.
அரக்குத் தட்டு. நடுவில் சிவப்பு லேபிள், மூன்றே வரி:
துரை வாழி.
வாழ்த்துப் பாடல்.
தோட்டப் பெண்கள்.

எத்தனை பெண்கள், எந்தத் தோட்டம்,
ஒன்றும் இல்லை.

எங்கள் கம்பெனி என்பது
ஹட்டனில் இரும்புக் கடைக்கு மேலே ஓர் அறை,
நான், நிரோஷன்,
ஈரம் உறிஞ்ச அரிசி கட்டிய துணி முடிச்சுகள்,
அடைபடாத ஒரு கடன்.
மூன்று தட்டு போட்டிருக்கிறோம்.
முதலாவதில் நட்டம். இரண்டாவதிலும்.
மூன்றாவதை யப்பானில் ஒருவர் நாற்பது பிரதி வாங்கினார்.
ஏனென்று கேட்கவில்லை,
கேட்டால் திருப்பி அனுப்பிவிடுவாரோ என்று.

இதைப் போட எனக்கு மனமில்லை.
துரைக்குப் பாடிய வாழ்த்தை
நாம் காசு கொடுத்து மறுபடி அச்சடிப்பதா?
‘குரலைக் கேள், சொல்லை விடு’ என்றான் நிரோஷன்.
சொல்லை விட்டால் எனக்கு இங்கே என்ன வேலை,
உறைக்குறிப்பு எழுதுகிறவள் நான்.

மூன்று இரவு உட்கார்ந்தான்.
கடுகு வெடிப்பதுபோல் பொரிந்த சத்தத்தை
ஒவ்வொரு கடுகாகப் பொறுக்கினான்.
தகரத்தில் மழை பிடித்தால் வேலை நிற்கும்,
எது தட்டு, எது கூரை என்று தெரியாது.
நான்காம் இரவு ஹெட்போனை என் காதில் மாட்டினான்.
ஒரு நிமிடம் ஐம்பத்திரண்டாவது செக்கன்,
கீறலுக்குள் இத்தனை காலம் கிடந்த இடம்:

தொரை வாளி தொரை வாளி
தூக்கிப் பாத்தா தொள வாளி
காலையில ஊத்துன கூலி
அந்திக்குள்ள ஒழுகிப் போச்சே

வாழி இல்லை. வாளி.
நம் வாயில் ழகரம் என்றைக்கு நின்றது?
வாழைப்பழமே வாளப்பளம்தானே.
அவர்கள் வாளி என்று பாட,
பெட்டியோடு வந்த குமாஸ்தா
படித்தவன், பிழை பொறுக்காதவன்,
வாழி என்று திருத்தி எழுதிக்கொண்டான்.
துரை பக்கத்தில் நாற்காலி போட்டு இருந்திருப்பார்.
கையும் தட்டியிருப்பார்.

கடைசியில் சுருதி பிசகுகிறது என்று
குறித்து வைத்திருந்தேனே, அது பிசகு இல்லை.
ஒருத்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
ஒருத்தி முழங்கையால் இடிக்கிறாள்,
ஒருத்தி குரலை உயர்த்தி அதை மூடுகிறாள்.
ஆக, குறைந்தது மூன்று பேர்.

பாரிசில் எங்கள் தட்டுகளை விற்றுத் தருகிறவள் எழுதினாள்:
உறையில் மூடுபனி போடுங்கள், கொழுந்துக் கூடை,
‘தேயிலையின் கண்ணீர்’ என்று தலைப்பிட்டால் நன்றாகப் போகும்.
நான் கீழே இறங்கி ஒரு தகர வாளி வாங்கினேன்.
ஆணியும் சுத்தியலும் கடைக்காரரிடமே இரவல்.
‘புது வாளிக்கு ஏன் பிள்ளை ஓட்டை?’ என்றார்.
படம் பிடிக்க என்றேன்.
அதற்குப் பிறகு அவர் என்னிடம் எதுவும் கேட்பதில்லை.

தலைப்பை நிரோஷன் திருத்தச் சொன்னான்.
திருத்தவில்லை.
அவர்கள் ஒளித்ததை நான் ஏன் காட்டிக்கொடுக்க?
படத்தையும் பார்க்கட்டும், எழுத்தையும் படிக்கட்டும்,
கண் உள்ளவர் சிரிக்கட்டும்.

பாடியோர் என்ற இடத்தில் எழுதினேன்:
சிரித்தவள், இடித்தவள், மூடியவள்.
முந்நூறு பிரதி.
பிரதிக்கு நூற்றிருபது ரூபாய் வீதம்
மூவர் பங்கையும் தனிக் கணக்கில் போடுகிறோம்.
யாரும் இன்னும் வரவில்லை.
வந்தால் எப்படி நிரூபிப்பார்கள் என்றான்.
சிரிக்கச் சொல்வோம் என்றேன்.

இப்போது வைகாசி மழை.
கூரை ஒழுகும் இடத்தில் அந்த வாளியைத்தான் வைக்கிறோம்,
வேறு வாங்கக் காசில்லை.
பாதி நிற்கிறது.