கெஜக் கணக்கு

கார்டெல் மேப்ரி ஓடியதை நான் அதிகம் பார்த்ததில்லை.
அவனுக்கு முன்னால் குனிந்து நின்றவன் நான்.
இடது கார்டு. நூற்று நாற்பது கிலோ.
எதிராளியின் விலாவில் தோளைக் கொடுத்து
ஒரு கதவைத் திறந்துவிடுவது என் உத்தியோகம்.
அரை நொடிக் கதவு.
அதற்குள் அவன் போய்விட வேண்டும்.

போகும்போது என் இடுப்பில் உள்ளங்கையை வைத்து எடுப்பான்,
ஓடும் பேருந்தில் ஏறுகிறவன் கம்பியைத் தொடுவதுபோல.
அதை நான் எண்ணினேன்.
மற்றவர்கள் கெஜங்களை எண்ணினார்கள்.

மூன்று கெஜம். இரண்டு. ஒன்றுமில்லை.
பின்னால் ஒன்று.
மறுபடி மூன்று.
மூட்டை இறக்கும் வேலைக்கும் இதற்கும்
எழுபதாயிரம் பேரின் கத்தல்தான் வித்தியாசம்.

ஒரே ஒரு டிசம்பரில், பஃபலோவில்,
பனி கோடுகளை மூடிவிட்ட ஆட்டத்தில்
அறுபத்து நான்கு கெஜம் ஓடினான்.
நான் குப்புறக் கிடந்தேன், வாயெல்லாம் பனி.
அது அவர்கள் ஊர்க் கூட்டம்;
அடங்க அடங்கத் தெரிந்தது
அவன் எவ்வளவு தூரம் போய்விட்டானென்று.

நான்காம் வருடம், வலது முழங்கால்.
என் ஆள் என்னிடமிருந்து நழுவிய ஆட்டம் அது.
கதவு பாதிதான் திறந்தது.
அவன் முழுசாக நுழைந்துவிட்டான்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை
அவன் அலமாரியில் ஒட்டியிருந்த பெயர்ப் பட்டையை
யாரோ ஒரு பையன் நகத்தால் உரித்துக்கொண்டிருந்தான்.
மொத்தம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொரு கெஜம்.
ஒரு மைல், கொஞ்சம் மிச்சம்.
வயது இருபத்தாறு.

போன மாதம் டொலிடோவில்
எங்கள் கூடத்துக்குக் கம்பளம் விரிக்கக்
கடையிலிருந்து ஆள் வந்தான்.
வேனை விட்டு இறங்கும்போதே தெரிந்தது, அந்தக் காலை ஊன்றிய விதத்தில்.
"லாஃபாயி! உன் வீட்டிலாவது கதவு முழுசாத் திறக்குதே" என்றான்.
சிரித்தோம். அவன் முதலில் நிறுத்தினான்.

கம்பளத்தை இழுத்து இறுக்க ஒரு கருவி,
அதை முழங்காலால் உதைக்க வேண்டும்.
மண்டியிட்டுச் சுவரோரமாகவே போனான்,
இடது காலால் மட்டும் உதைத்து உதைத்து.
சோபாவின் ஒரு முனையை நான் தூக்கிப் பிடித்தேன்,
அவன் அடியில் புகுந்து போக.

பில்லில் எழுதினான்: முப்பத்தெட்டு சதுர கெஜம்.
"நிறைய" என்றேன், வேறென்ன சொல்ல.
"யாரும் மேல விழாம" என்றான்.

மிச்சச் சுருளைத் தோளில் ஏற்றிக்கொண்டு
என்னைப் பார்த்து நின்றான்.
நடைவழி குறுகல். நான் ஒதுங்கியிருக்க வேண்டும்.
எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.
அதெல்லாம் அவன் பார்த்துக்கொள்வான், அப்போது.